பீடத்தருகே விட்டுச் சென்ற காணிக்கை: ஆதித் திருச்சபையில் ஜெப ஆயத்தம்

ஆராதனைக்குச் செல்கிறவன் எத்தகைய ஆயத்தத்தோடு செல்லவேண்டும் என்று நம் நாட்டுச் சபையார் யாரையேனும் கேட்டால், பெரும்பாலும் முதலில் கிடைக்கும் விடை தேகத்தைப் பற்றியதாக இருக்கும். வாசற்படியில் செருப்பைக் கழற்றிவிட வேண்டும். ஸ்திரீகள் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொள்ள வேண்டும். உள்ளே வந்ததும் முழந்தாளிட்டுத் தனிஜெபம் செய்த பின்னரே உட்கார வேண்டும். பக்கத்திலிருப்பவரிடம் ஊர்க்கதை பேசலாகாது. இந்த விடையில் குறைகூற ஒன்றுமில்லை. தேகம் வணங்காதவிடத்து உள்ளம் வணங்குவது அரிது என்பதை இத்தேசத்தின் எல்லாச் சமயத்தாரும் அறிந்திருக்கின்றனர். ஆயினும் கிறிஸ்து சமயத்தின் முதல் நான்கு நூற்றாண்டுகளில் எழுந்த கிரந்தங்களை எடுத்து, ஜெபத்துக்கும் ஆராதனைக்கும் வருகிறவர்களிடம் அவை எதை முதன்மையாக எதிர்பார்த்தன என்று நோக்குவோமானால், அவை தேகத்தைக் குறித்துப் பேசுவதற்கு முன்னரே, பல இடங்களில் கடவுளைக் குறித்துப் பேசுவதற்கும் முன்னரே, அடுத்த வீட்டுக்காரனைக் குறித்து விசாரிப்பதைக் காண்கிறோம். பயபக்தி என்பது ஆலயத்துக்குள் நுழைந்தபின் வரவழைத்துக்கொள்ளும் ஒரு மனநிலையன்று, நுழையுமுன்னரே தீர்த்துவிட்டு வரவேண்டிய ஒரு கணக்கு என்பதே அந்நூல்களின் துணிபு என்று கருதுகிறேன்; அத்துணிபு பிற்காலத்தில் எவ்வாறு மங்கிற்று, நம்மிடையே எவ்விதம் சோதிக்கப்பட்டது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இக்கருத்தின் மூலவூற்று மத்தேயு எழுதிய சுவிசேஷத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் இருக்கிறது. பலிபீடத்தண்டையில் காணிக்கையோடு வந்து நிற்கும் ஒருவனுக்கு, தன் சகோதரன் தன்மேல் குறை கொண்டிருக்கிறான் என்பது அவ்விடத்திலே நினைவுக்கு வருமானால், அவன் காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய், முதலில் சகோதரனோடு ஒப்புரவாகி, பின்னர் திரும்பிவந்து அதைச் செலுத்தவேண்டும் என்பது அங்கே இயேசுவின் கட்டளை. இதில் கவனிக்கத்தக்கது யாதெனில், குறை கொண்டிருப்பவன் காணிக்கை கொண்டுவந்தவன் அல்லன்; அவனுடைய சகோதரன். நான் யாரை மன்னிக்கவேண்டும் என்று அக்கட்டளை இவ்விடத்தில் கேட்கவில்லை. யார் என்னால் புண்பட்டிருக்கிறார் என்று கேட்கிறது. முன்னதற்கு விடை எளிதில் நினைவுக்கு வரும். பின்னதற்கு விடைகாண ஒருவன் தன் வாழ்க்கையை வேறொருவனுடைய கண்ணால் பார்த்தாக வேண்டும்.

அக்கட்டளையைக் கேட்டவர்கள் கலிலேயாவின் குடியானவர்களும் மீன்பிடிப்பவர்களும். அவர்கள் அறிந்த பலிபீடமோ எருசலேமில் இருந்தது. கலிலேயாவிலிருந்து விரைவாகச் செல்வோர் சமாரியாவின் வழியே மூன்று நாளில் எருசலேமை அடையலாம் என்று அக்காலத்து யூத சரித்திராசிரியராகிய யோசேப்பு குறித்திருக்கிறார். அப்படியானால் மனத்தாங்கலுற்ற சகோதரன் ஊரில் இருக்கையில், ஆட்டுக்குட்டியை பீடத்தருகே விட்டுவிட்டு மூன்று நாள் நடந்து ஊருக்குப் போய், அவனோடு பேசி முடித்து, மீண்டும் மூன்று நாள் நடந்து வரவேண்டும். அவ்வளவு தூரத்தையும் அவ்வளவு செலவையும் அறிந்தே இக்கட்டளை சொல்லப்பட்டது என்பதை மனத்திற்கொண்டு வாசித்தால்தான் அதன் பாரம் நமக்குப் புலப்படும்.

அப்போஸ்தலர் காலத்துச் சபைகளில் இது உடனடியாகச் சோதனைக்கு உள்ளாயிற்று. பவுல் கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய முதல் நிருபம் ஏறக்குறைய கி.பி. 54 அல்லது 55இல் எபேசுவிலிருந்து எழுதப்பட்டது. கர்த்தருடைய பந்திக்கென்று கூடுகிறவர்களில் வசதியுள்ளோர் முந்திக்கொண்டு உண்டு குடித்து நிறைந்திருக்க, வேலை முடிந்து பிந்தி வரும் ஏழைகள் பசியோடிருந்த அவலத்தை அவர் அதிற் கண்டிக்கிறார். அபாத்திரமாய்ப் பந்தியில் சேருவதைக் குறித்து அவர் விடுக்கும் கடுமையான எச்சரிக்கையை நம் பிரசங்கிகள் பெரும்பாலும் தனிமனிதனின் அந்தரங்கப் பாவத்துக்கே பொருத்திப் பேசுவர். அதிகாரத்தை முழுவதும் வாசிப்போர்க்கு அவ்வெச்சரிக்கை எந்தக் குற்றத்தை முன்னிட்டு எழுந்தது என்பதில் ஐயம் இராது: இல்லாதவனை வெட்கப்படுத்தியவன் கர்த்தருடைய சரீரத்தையே அறியாதவனாகிறான் என்பதே பவுலின் வாதம். யாக்கோபின் நிருபம் இதே பொருளை இருக்கைகளை வைத்துப் பேசுகிறது. பொன் மோதிரமணிந்தவனுக்கு நல்ல ஆசனத்தையும் கந்தையணிந்தவனுக்குப் பாதபடியருகே தரையையும் காட்டுகிற சபையை அது நேரடியாகக் குற்றஞ்சாட்டுகிறது.

‘திதகே’ எனப்படும் பன்னிரு அப்போஸ்தலர் போதகம், முதலாம் நூற்றாண்டின் இறுதியிலோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ இயற்றப்பட்ட ஒரு சிறு நூல். பல நூற்றாண்டுகள் மறைந்திருந்த இந்நூலின் பிரதியொன்றை, பிலொதேயு பிரியென்னியு என்னும் கிரேக்க அத்தியட்சர் 1873இல் கான்ஸ்டாண்டிநோபிளில் கண்டெடுத்து, 1883இல் அச்சேற்றி வெளியிட்டார். ஞாயிறுதோறும் கூடி அப்பம் பிட்குமுன் தங்கள் குற்றங்களை அறிக்கையிட வேண்டும் என்று அது விதிக்கிறது. தோழனோடு பிணக்குள்ளவன் ஒப்புரவாகுமட்டும் கூட்டத்தில் சேரலாகாது, சேர்ந்தால் காணிக்கை தீட்டுப்படும் என்றும் சொல்கிறது. தீட்டு என்னும் எண்ணத்தை அந்நூல் எங்கே வைக்கிறது என்று பாருங்கள். உணவிலோ பிறப்பிலோ உடம்பின் நிலைமையிலோ அன்று. இரண்டுபேருக்கு நடுவே ஆறாமலிருக்கும் சண்டையில். ஏறக்குறைய 155இல் ரோமாபுரியிலிருந்து எழுதிய யுஸ்தீன் என்னும் ஞானி, அரசனுக்கு அனுப்பிய விண்ணப்பத்தில் அக்காலத்து ஆராதனை முறையை விவரிக்கிறார். பொதுஜெபங்கள் முடிந்ததும் விசுவாசிகள் ஒருவரையொருவர் முத்தமிட்டு வாழ்த்துவர். அதன்பின்னரே அப்பமும் தண்ணீர் கலந்த திராட்சரசமும் கொண்டுவரப்படும் என்கிறார். வசதியுள்ளோர் மனமுவந்து இடும் பணம் அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிறைப்பட்டோருக்கும் வழிப்போக்கருக்கும் போய்ச் சேரும் என்பதையும் அதே மூச்சில் சொல்லி முடிக்கிறார்.

இவையெல்லாவற்றினும் என் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது மூன்றாம் நூற்றாண்டில் சிரியா நாட்டில் எழுந்த ‘திதஸ்காலியா’ என்னும் சபை ஒழுங்கு நூல். உபதேசத்தை மாத்திரம் கூறி நிற்காமல், அதை நடத்திக் காட்டுவதற்குரிய ஏற்பாட்டையும் வகுத்துத்தரும் நூல் அது. சபையாருக்குள் எழும் வழக்குகளை அத்தியட்சர் திங்கட்கிழமையில் விசாரிக்கவேண்டும் என்று அது கூறுகிறது. காரணத்தையும் அதுவே சொல்கிறது: தீர்ப்பில் மனம் ஒவ்வாதவர் இருப்பின், வாரத்தின் எஞ்சிய நாட்களில் அவரைச் சமாதானப்படுத்தி, ஞாயிற்றுக்கிழமைக்குள் இரு திறத்தாரையும் ஒன்றாக்கிவிட அவகாசம் கிடைக்கும். ஆராதனை கூடியபின்னும் அது ஓய்வதில்லை. ஜெபத்துக்கு முன் உதவிக்குரு எழுந்து, தன் அயலான்மேல் மனத்தாங்கல் வைத்திருப்பவர் எவரேனும் உண்டோ என்று உரத்த குரலில் கேட்கவேண்டும். அதே நூல் மற்றோரிடத்தில், கூட்டம் நிறைந்திருக்கையில் முதுமையுற்ற ஏழை ஒருவரோ ஏழைப் பெண் ஒருத்தியோ வந்து இடமின்றி நிற்பாராயின், தான் தரையில் உட்கார நேர்ந்தாலும் அத்தியட்சர் அவருக்கு மனமார இடம் அளிக்கவேண்டும் என்று பணிக்கிறது. செல்வன் ஒருவன் வந்தால் பிரசங்கத்தை நிறுத்தி எழவேண்டாம் என்பதும் அதன் கருத்து. யாக்கோபு கடிந்துகொண்டதை இந்நூல் ஓர் அனுஷ்டானமாகவே மாற்றிவிட்டது. வழிபாட்டின் மேன்மை இருக்கையில் வெளிப்படுமாயின், தாழ்ந்த இருக்கையை ஏற்பவர் அத்தியட்சராகவே இருக்கட்டும் என்று அது தீர்த்துவைத்தது.

தேக ஆசாரங்களை அக்காலத்தவர் புறக்கணித்தனர் என்று இதனால் கொள்ளலாகாது. கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன் 200ஆம் ஆண்டளவில் ஜெபத்தைப் பற்றி எழுதிய நூலிற் பெரும்பகுதி ஆசாரங்களைப் பற்றியதே. அவற்றை அவர் எடைபோடும் விதந்தான் நமக்குப் பாடமாகிறது. ஜெபத்துக்கு முன் மேலங்கியைக் கழற்றியே ஆகவேண்டும் என்ற வழக்கத்தை ஆதாரமற்றது என்று தள்ளுகிறார். கையை மட்டும் கழுவிக்கொண்டு மனத்தைக் கழுவாதிருப்பதில் பயனென்ன என்று வினவுகிறார். கைகளை மிக உயர நீட்டாமல் அடக்கமாக உயர்த்தச் சொல்கிறார். உரத்துக் கூவினால்தான் ஜெபம் எட்டும் என்றிருப்போரை நோக்கி, மீன் வயிற்றுக்குள்ளிருந்து யோனா செய்த ஜெபம் எத்தனை ஆழத்தைக் கடந்து மேலேறிற்று என்று நினைவூட்டுகிறார். உபவாசம் இருப்பதைக் காரணங்காட்டிச் சிலர் சகோதரருக்குச் சமாதான முத்தம் அளிக்காமல் விலகியபோதோ அவர் குரல் மாறுகிறது. அம்முத்தமே ஜெபத்துக்கு முத்திரையாக இருக்க, அதை நீக்கிய ஜெபம் எவ்வாறு முழுமையாகும் என்று கேட்கிறார். தன் பக்தியை மிகுத்துக்கொள்ளும் பொருட்டுச் சகோதரனை விலக்கிய அந்த உபவாசி, எக்காலத்துச் சபையிலும் காணக்கூடியவனே.

ஒரிகென் 233ஆம் ஆண்டையொட்டி எழுதிய நூலிலும் இதே வரிசை அமைந்திருக்கிறது. ஜெபிக்கத் தொடங்குமுன் சற்றுநேரம் நின்று, சிதறிய நினைவுகளை ஒடுக்கி, எவர்மேலும் உள்ள கோபத்தை அகற்றி, அதன்பின் கிழக்கு நோக்கிக் கைகளை விரித்து நிற்கவேண்டும் என்கிறார். கால்நோயாளி உட்கார்ந்தும், காய்ச்சற்காரன் படுத்தும் ஜெபிக்கலாம் என்று உடனே இரக்கத்தோடு சேர்த்துக்கொள்கிறார். கார்த்தேஜின் அத்தியட்சராயிருந்து 258இல் இரத்தசாட்சியாக மரித்த சிப்பிரியான், கர்த்தர் கற்பித்த ஜெபத்துக்கு எழுதிய விளக்கத்தில், அந்த ஜெபம் தொடக்கம் முதல் முடிவுவரை பன்மையிலேயே அமைந்திருப்பதை எடுத்துக்காட்டுகிறார். தனக்கென்று மட்டும் தகப்பனைக் கூப்பிட எவனுக்கும் அங்கே இடமில்லை. உள்ளங்களை உயர்த்தும்படி குருவானவர் சபையாரை அழைக்கும் வழிபாட்டு வாசகத்துக்கு நமக்குக் கிட்டிய மிகப் பழைய விளக்கமும் இந்நூலில்தான் இருக்கிறது. ஜெபவேளையில் உலக எண்ணங்கள் யாவும் விலகவேண்டும் என்பதற்காகவே அவ்வழைப்பு என்கிறார். ஒப்புரவாகாதவனுடைய காணிக்கையைக் கடவுள் ஏற்கார் என்று சொல்லும் அவர், அன்பில்லாதவன் தன் உயிரையே கொடுத்தாலும் அக்குற்றம் கழுவப்படாது என்னும் அளவுக்குப் போகிறார். சபையார் சித்திரவதைக்குள்ளாகிக்கொண்டிருந்த நாட்களில், தானும் வாளுக்கு இரையாகப்போகிற ஒருவர் எழுதியது இது.

நான்காம் நூற்றாண்டில் சபைக்கு அரசாங்கத்தின் ஆதரவு கிடைத்தது. பெரிய ஆலயங்கள் எழுந்தன. வழிபாடு அலங்காரம் பெற்றது. எருசலேமின் சிரிலுடைய பெயரால் வழங்கும் ஞானோபதேசங்கள், புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்களுக்குத் திருவிருந்தின் ஒவ்வொரு செயலையும் விளக்குகின்றன. இடக்கையை வலக்கைக்குச் சிங்காசனமாகத் தாங்கவைத்து, உள்ளங்கையைக் குழித்து, அரசரை ஏற்பதுபோல் திருவப்பத்தை ஏற்கவேண்டும். ஒரு துகளும் சிந்தாமல், பொன்துகள் கையிலிருந்தால் எப்படிக் காப்பார்களோ அப்படிக் காக்கவேண்டும். இத்துணை நுட்பமான பயபக்தியைப் போதிக்கும் அதே உபதேசம், சமாதான முத்தத்தைச் சந்தைவெளியில் நண்பர்கள் இட்டுக்கொள்ளும் முத்தமாகக் கருதவேண்டாம், அது ஆத்துமாக்களை ஒன்றாக்கி ஒருவருக்கொருவர் செய்த தீங்கின் நினைவையெல்லாம் நீக்குவதற்கு அடையாளம் என்று மத்தேயுவின் கட்டளையை எடுத்துக்காட்டிச் சொல்கிறது. அந்தியோகியாவில் பிரசங்கித்த பொன்வாயர் யோவானோ, ஆலயத்துக்குள் கிறிஸ்துவைப் பட்டாடைகளால் கனப்படுத்திவிட்டு, வெளியே குளிரில் ஆடையின்றி நடுங்கும் அவரைக் காணாமற்போவதை எண்ணி மனம் வெதும்பினார். பொற்கலசம் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. பசித்தவனை முதலில் உண்பித்துவிட்டு, எஞ்சியதால் பீடத்தை அலங்கரியுங்கள் என்றார்.

பின்வந்த நூற்றாண்டுகளைப் பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை. மேல்நாட்டுச் சபைகளில் அம்முத்தம் நாளடைவில் குருமாருக்குள் ஒடுங்கிற்று. ஜனங்களுக்கு முத்தமிடத்தக்க ஒரு பலகை கைமாறிக் கொடுக்கப்பட்டது. அதை முதலில் முத்தமிடுவது யார் என்பதிலேயே மரியாதைச் சண்டை மூண்டது. 1662ஆம் ஆண்டின் ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகம் சமாதான முத்தத்தைக் கொள்ளவில்லையெனினும், ஒருவரோடொருவர் பகை கொண்டிருப்போரைக் குருவானவர் அறிந்தால், அவர்கள் ஒப்புரவாகுமட்டும் திருவிருந்துக்குச் சேர்க்கலாகாது என்ற பழைய விதியைக் காப்பாற்றிவைத்தது. விருந்தில் சேர விரும்புவோர் முந்தின நாளிலாவது தங்கள் பெயரைத் தெரிவிக்கவேண்டும் என்றும் கூறியது.

தமிழ்நாட்டுக்கு இவ்விஷயத்தில் உள்ள தொடர்பு இன்பமானதாக மட்டும் இல்லை. தஞ்சாவூர் முதலிய பழைய மிஷன் சபைகளில் சாதிக்கொரு பக்கமாக உட்காருவதும், உயர்ந்தோர் எனப்பட்டவர் முதலிலும் மற்றவர் பின்னருமாகத் திருவிருந்துக்கு வருவதும் நெடுங்கால வழக்கமாயிருந்தன. கல்கத்தா அத்தியட்சர் தானியேல் வில்சன் 1833இல் ஒரு நிருபம் விடுத்து, இவ்வேற்றுமைகளை அடியோடு ஒழிக்கும்படி கட்டளையிட்டபோது தஞ்சைச் சபை கொந்தளித்தது. எதிர்த்தோரில் ஒருவர் வேதநாயக சாஸ்திரியார். 1774இல் பிறந்து 1864வரை வாழ்ந்த அப்பெருங்கவிஞரின் கீர்த்தனைகள் இல்லாத தமிழ்ச் சீர்திருத்தச் சபை இன்றும் கிடையாது. அவருடைய பக்தியின் உண்மையில் எனக்கு அணுவளவும் ஐயமில்லை. இவை தேசாசாரமேயன்றி மதாசாரம் அல்ல என்பதும், புதிய மிஷனரிகள் நாட்டாரின் மரியாதையை அறியாமல் நடக்கின்றனர் என்பதும் அவர் தரப்பு நியாயங்கள். பின்னதில் உண்மையும் உண்டு. ஆனால் கொரிந்துவின் செல்வர்களுக்கும் அவர்கள் செய்தது தேசாசாரமாகவே தோன்றியிருக்கும். மெய்யான பக்திப்பெருக்குள்ள நெஞ்சுங்கூட, பக்கத்தில் பாயின்றி நிற்பவனைக் காணாமல் பாடமுடியும் என்பதற்கு நம் சரித்திரத்திலேயே உள்ள சாட்சியம் இது. ஆதித் திருச்சபை உள்ளத்தின் உருக்கத்தை மட்டும் நம்பியிராமல் உதவிக்குருவை எழுப்பிக் கேள்வி கேட்க வைத்ததன் காரணம் இவ்விடத்தில் விளங்குகிறது.

கத்தோலிக்கச் சபைகளிலும் இதுவே நிலைமை. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்தில் 1872இல் எழுப்பப்பட்ட தேவாலயம், பீடத்திலிருந்து இரு கிளையாகப் பிரியும் இரண்டு நீண்ட மண்டபங்களைக் கொண்டது. ஒரு கிளையில் ஒரு சாதியாரும் மறு கிளையில் மற்றவர்களும் நின்று, ஒருவரையொருவர் காணாமல் ஒரே பீடத்தைக் காணும்படி கல்லிலும் சுண்ணாம்பிலும் செய்யப்பட்ட ஏற்பாடு அது. இரு பக்கத்தாரும் முழந்தாளிட்டனர். இரு பக்கத்தாரும் செபமாலை உருட்டினர். தேக ஆசாரத்தில் எப்பக்கத்தும் குறைவில்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரிவினைச் சுவர் அகற்றப்பட்டபோது வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. பிரித்துவைக்கும் உரிமை கோரியவர்களின் வாதம் அங்கே ஏற்கப்படவில்லை.

பழைய சமாதானச் சடங்கு உலகச் சபைகளுக்கு மீண்டும் கிடைத்ததில் தென்னிந்தியாவுக்குப் பங்குண்டு என்பதை இத்துடன் சேர்த்துச் சொல்வது நியாயம். 1947 செப்டம்பர் 27இல் சென்னையில் உருவாகிய தென்னிந்தியத் திருச்சபை, 1950இல் முதன்முதல் வழங்கிய தன் திருவிருந்து முறைமையில், கேரளத்துச் சுரியானிக் கிறிஸ்தவர்கள் காத்துவந்த வழக்கத்தைத் தழுவி, சமாதானத்தைக் கைக்குக் கை மாற்றும் செயலைக் காணிக்கைக்கு முன்னே அமைத்தது. பீடத்தண்டையிலிருந்து புறப்படும் அது, வரிசை வரிசையாகக் கடைசி இருக்கைவரை செல்லும். வழியில் ஒருவர் கைகொடுக்க மறுத்தால் சங்கிலி அவ்விடத்தில் அறுந்துபோகும் என்பது எல்லாருக்கும் தெரியும். இந்தியக் கத்தோலிக்க ஆயர்கள் 1969இல் ரோமின் அனுமதி பெற்ற பன்னிரண்டு மாற்றங்களில், பாதரட்சையைக் கழற்றுதல், பஞ்சாங்கப் பிரணாமம் ஆகியவற்றோடு, அஞ்சலி கூப்பியோ கைகளுக்குள் கைவைத்தோ சமாதானம் அளித்தலும் இடம்பெற்றது. தேகத்தின் வணக்கமும் சகோதரனுக்குரிய வணக்கமும் ஒரே பட்டியலில் வந்து சேர்ந்தது எனக்கு மிகவும் உவப்பளிக்கிறது.

இனி ஒன்று மிஞ்சியிருக்கிறது. நம் கிராமச் சபைகளில், பங்காளியோடு வரப்புத் தகராறு இருப்பதாலோ உடன்பிறந்தாளோடு பேச்சுவார்த்தை இல்லாததாலோ, ஆராதனைக்குத் தவறாமல் வந்தும், திருவிருந்து வேளையில் எழாமல் கடைசி விசுப்பலகையிலேயே இருந்துவிடுவோர் உண்டு. மனச்சாட்சியில்லாமல் பீடத்தண்டை செல்வோரினும் இவர்கள் மெய்யான பயபக்தி உடையவர்கள். இவர்களை இழிவாக எண்ணுவது தகாது. ஆயினும் ஆண்டுக்கணக்காக இப்படி ஒதுங்கியிருப்பது மத்தேயுவின் கட்டளையைப் பாதியில் நிறுத்துவதாகும். காணிக்கையை வைத்துவிடு, போ, திரும்பி வா என்னும் மூன்றில், இவர்கள் முதலாவதைச் செய்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டனர். எதிராளி ஒப்பவில்லையெனில் என்செய்வது என்று கேட்கலாம். கூடுமானால், தன்னால் ஆனமட்டும் எல்லாரோடும் சமாதானமாயிருக்கவேண்டும் என்று ரோமருக்கு எழுதிய பவுல் அந்த வரம்பை அறிந்தே எழுதினார். போய்க் கேட்டு மறுக்கப்பட்டவன் தன் பங்கை நிறைவேற்றினவன், அவனைப் பீடம் தள்ளாது. ஆனால் பங்காளியின் வாசலுக்கு ஒருமுறையேனும் போய்ப் பாராதவனுக்கு அந்த ஆறுதல் உரியதன்று. அவனைத் தனியே போகும்படி விட்டுவிடுவதும் சபைக்கு முறையன்று. குருவானவரும் மூப்பர்களும் திங்கட்கிழமையே இரு வீட்டுக்கும் போய் உட்கார்ந்து பேசத் தொடங்கினால், திதஸ்காலியா கணக்கிட்டது போல, அடுத்த ஞாயிற்றுக்கு இன்னும் ஐந்தாறு நாள் கையிலிருக்கும்.